ஓரெழுத்து வக்கீல்

திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் செண்பகவல்லி குறுக்கு விசாரணைக்கு எழுந்தால், பக்கத்து அறைக் குமாஸ்தாக்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சாட்சி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்து விழும். "அந்தம்மா கேட்டு முடிக்கதுக்குள்ள, செய்யாத தப்பக்கூட ஒத்துக்கிடலாம்னு தோணிரும்" என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அது அவள் காதுக்கு வந்தது. வெகுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாற்பத்தாறு வயதில், ஒரு நிலத்தகராறு வழக்கின் நடுவே, கேஸ் கட்டைக் கையில் பிடித்தபடியே சரிந்தாள். மூளைத்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் பிழைத்தது. நினைவு கொஞ்சமும் கலங்கவில்லை. காது நன்றாகக் கேட்டது. கை, கால், நாக்கு எல்லாம் போயின. கொஞ்ச காலம் கண்ணிமை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு வருடத்தில் அதுவும் நின்றுவிட்டது.

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. தம்பி இசக்கிமுத்து சென்னையில் பார்த்துவந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டை வீட்டுக்கே வந்து சேர்ந்தான்.

அந்த வருடம்தான் தொப்பி சந்தைக்கு வந்திருந்தது. மீன்வலை போல மெல்லிய கம்பிகள் பின்னிய தொப்பி. மூளை நினைப்பதை எழுத்தாக்கித் தரும் என்றார்கள். மருத்துவர் அதைச் செண்பகவல்லியின் தலையில் மாட்டிவிட்டு இசக்கிமுத்துவை உட்கார வைத்துச் சொன்னார்.

"இவங்க ஒரு எழுத்த எழுதுற மாதிரி மனசுல நினைக்கணும். ஒரு தடவை இல்ல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தினாத்தான் மிஷின் நம்பும்."

"அப்பம் ஒரு நாளைக்கு?"

"ஒரு எழுத்து."

"கொஞ்சம் வேகமாக்க முடியாதா டாக்டர்?"

"ஆக்கலாம். ஆனா அப்புறம் வர்றது அவங்க சொன்னதா, மிஷினா இட்டுக்கட்டினதான்னு நமக்குத் தெரியாது."

முதல் நாள் மாலை திரையில் 'கே' என்று வந்தது. கேட்கிறது என்று சொல்ல வருகிறாள் என நினைத்து இசக்கிமுத்து அழுதுவிட்டான். மறுநாள் 'ஸ்' வந்தது. கேஸ்! அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுடைய ஜூனியருக்குப் போன் போட்டான். பிறகு அவள் காதருகே குனிந்து, "ஜெயிச்சாச்சுக்கா. நம்ம கட்சிக்குத்தான் தீர்ப்பு" என்றான்.

ஆரம்பத்தில் நிறையப் பேர் பார்க்க வந்தார்கள். சொந்தக்காரர்கள், வக்கீல்கள், அவளால் ஜெயித்தவர்கள். 'சரி' என்று ஒரு பதில் வாங்க இரண்டு நாள் ஆகும் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. இசக்கிமுத்துவே ஒருமுறை, முதல் எழுத்திலிருந்து முழு வாக்கியத்தை ஊகித்துச் சொல்லும் மென்பொருளை வாங்கி இணைத்தான். அவள் 'நி' என்றாள். 'நினைத்து வந்து பார்த்ததற்கு அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி' என்று இனிமையான பெண்குரலில் கருவி பேசியது. அடுத்தடுத்த நாட்களில் 'று', 'த்', 'து' வந்தன. நிறுத்து. அவன் அன்றைக்கே அதைக் கழற்றினான்.

அவனோடு சேர்ந்து வேலை செய்தவள் நஸ்ரீன். மேலப்பாளையத்துக்காரி. இருவரும் சிறிய நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவந்தார்கள். செண்பகவல்லி படுத்திருந்த கூடம்தான் அலுவலகம். அவளுக்குக் கேட்காமல் வீட்டில் எதுவும் பேசக்கூடாது என்பது இசக்கிமுத்து வகுத்த சட்டம். ஆனால் நஸ்ரீன் அந்த யோசனையைச் சொன்னது மட்டும் மொட்டைமாடியில்.

"அண்ணே, அக்காவோட வேகத்தக் கூட்ட முடியாது. ஊரோட வேகத்தக் குறைச்சா என்ன?"

"வெளங்கலயே."

"எல்லாருக்கும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு எழுத்துன்னு ஒரு வெளாட்டு. அவ்வளவுதான் எழுத முடியும். அதுல அக்காவும் ஒரு ஆளு. வித்தியாசமே தெரியாது."

"எவன் வருவான்?"

"வருவாங்கண்ணே. தமிழ்ல ஒரு எழுத்துன்னா சும்மாவா? தீ, பூ, வா, போ, கை, பை... வெள்ளக்காரன் ஒரு எழுத்த வச்சுக்கிட்டு 'நான்'னு மட்டும்தான் சொல்லிக்கிட முடியும்."

இப்படித்தான் 'ஓரெழுத்து' பிறந்தது. காலையில் ஒரு படம் வரும். அதற்கு ஆளுக்கு ஓர் எழுத்து. மற்றவருக்குப் பதில் போட்டாலும் அன்றைய எழுத்து செலவாகிவிடும். படித்துவிட்டுக் கை தட்டலாம், அதற்குக் கணக்கில்லை. முதலில் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பஸ்ஸில் போகிறவர்கள், பிறகு கோலாலம்பூர், யாழ்ப்பாணம், துபாய் என்று கூட்டம் பெருகியது. முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் ஆளுக்கோர் எழுத்தாகக் கோத்து ஒரு வாக்கியம் சமைப்பார்கள். நடுவில் எவனாவது குறும்புக்காரன் ஒரு 'ங' வைத்துக் கெடுப்பான். ஊரே சிரிக்கும்.

உள்ளே வரும்போது என்ன பெயர் வைக்கட்டும் என்று அக்காவிடம் கேட்டார்கள். நான்கு நாள் எடுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: வக்கீல்.

படத்தை நஸ்ரீன் விவரித்துச் சொல்வாள். செண்பகவல்லிக்குக் காது மட்டும்தானே. ஒருநாள், நீதிமன்ற வராந்தாவில் பையைக் கட்டிக்கொண்டு தூங்கும் பெரியவரின் படம். எல்லோரும் வலி என்ற பொருளில் 'நோ' என்றும் 'ஐயோ'வுக்குப் பதிலாக 'ஐ' என்றும் எழுதினார்கள். வக்கீல் எழுதியது 'தை'. பொங்கல் கழித்து வாங்க என்று வாய்தா வாங்கி வாங்கி அலைந்தவர்களுக்கெல்லாம் சுரீர் என்றது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று படித்தவர்களும் இருந்தார்கள். அன்றைக்கு விழுந்த கைதட்டலில்தான் வக்கீல் என்ற பெயர் பரவியது.

இன்னொரு நாள், பெட்டியோடு பஸ் நிலையத்தில் தனியாக நிற்கும் ஒரு பெண். கன்னத்தில் காயம். எல்லோரும் 'வா' என்று எழுதினார்கள். வக்கீல் 'போ' என்றாள். சில நாட்கள் கழித்து, யாரென்றே தெரியாத ஒரு கணக்கிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழே மூன்று நாளாக மூன்று எழுத்து வந்தது. போனேன். நஸ்ரீன் அதை வாசித்துக் காட்டிவிட்டு வெகுநேரம் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் யார் என்று மற்ற வலைத்தளங்களில் ஆளாளுக்கு ஊகித்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி என்றான் ஒருவன். பத்துப் பேர் கொண்ட குழு என்றான் இன்னொருவன். இசக்கிமுத்து இதையெல்லாம் சத்தமாக வாசிக்கும்போது அவன் குரலில் ஒரு மிடுக்கு ஏறிவிடும். 'என் அக்காவாக்கும்' என்று தெருவில் நின்று கத்தவேண்டும் போலிருக்கும். கத்தமாட்டான். அவளுக்கு அங்கே நோயாளி என்ற பெயர் இல்லை. அதை அவன் கெடுப்பானா?

கெடுக்கும் நிலைமை வந்தது. ஓரெழுத்தைப் பார்த்து ஒரு பெரிய நிறுவனம் அதேபோல ஒன்றைத் தொடங்கியது; அங்கே பத்து எழுத்து எழுதலாம். ஆட்கள் அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். 'எங்களுக்கும் கூட்டுங்கள்' என்று மிஞ்சியவர்கள் மின்னஞ்சலில் நச்சரித்தார்கள். இப்படியே போனால் வருட முடிவில் மூடவேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து அபினவ் சேஷாத்ரி வந்தார். முதலீடு செய்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. பேச்சுவாக்கில், ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவர் துருவியபோது நஸ்ரீன் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அவர் கூடத்துக்கு வந்து கட்டிலருகே நின்று, குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி, உரக்கப் பேசினார்.

"மேடம், உங்களுக்காக உங்க தம்பி இந்த உலகத்தையே வெயிட் பண்ண வச்சிருக்கார். இந்த ஒரு எழுத்து ரூலே உங்களுக்காகத்தான். இதை நாம வெளிய சொல்லணும். உங்களை வச்சு ஒரு சின்னப் படம் எடுக்கலாம். பாக்குற ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி வராம இருக்காது. உங்களுக்குச் சம்மதமா?"

அந்த விதி தனக்காகத்தான் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது. அவள் சம்மதத்தைக் கையோடு வாங்கிப் போவதாக அபினவ் ஊரிலேயே தங்கிவிட்டார். மறுநாள் மாலை ஐந்து மணி வாக்கில் திரையில் எழுத்து வந்தது.

சீ.

அபினவ் ஆவலோடு குனிந்து பார்த்தார். "சீக்கிரம் எடுங்கன்னு சொல்ல வர்றாங்களா?"

"இல்ல சார்" என்றாள் நஸ்ரீன். "வாக்கியம் முடிஞ்சிருச்சு."

அவர் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் இசக்கிமுத்துவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. அந்த எழுத்து அவருக்கு மட்டும்தானா, தனக்கும் சேர்த்தா என்று தெரியவில்லை. அடுத்த மூன்று நாளும் விசாரணை நடந்தது. 'நி'. 'ஜ'. 'மா'.

"நெசந்தான்க்கா" என்றான் அவன், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "ஒனக்காகத்தான் செஞ்சோம். நீ பேசுததுக்கு ஆளு வேணும்லா. ஒருத்தனும் நிக்க மாட்டேங்கானுவ. நான் வேற என்ன செய்ய?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் தொப்பி எதுவும் காட்டவில்லை. பழுதோ என்று நஸ்ரீன் சோதித்துப் பார்த்தாள். பழுதில்லை. அவள் பேசவில்லை, அவ்வளவுதான். பிறகு வந்தது: 'கூ', 'ட்', 'டு'.

"அக்கா, கூட்டுனா எல்லாரும் ஓடிருவாங்க. நீங்க ஒத்த எழுத்தோட நிப்பிய" என்றாள் நஸ்ரீன். "வேண்டாம்க்கா."

இசக்கிமுத்து கட்டிலருகே குனிந்தான். அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். "எத்தனைன்னாவது சொல்லு. ரெண்டா, மூணா?"

இரண்டு நாளில் அதற்கும் பதில் வந்தது. நூறு.

நஸ்ரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எதிராளிக்கு நூறு, தனக்கு ஒண்ணு. ஆளப் பாத்தியளா!"

கூட்டினார்கள். முதல் நாள் திருவிழாதான். அத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் மடை திறந்து வந்தது. வாழ்த்து, கேலி, அரசியல், சமையல் குறிப்பு. போனவர்களில் பாதிப்பேர் திரும்பினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் வக்கீல் தினமும் ஓர் எழுத்துதான் போட்டாள். அது தினமும் மேலே வந்து நின்றது. நூறு கிடைத்தும் ஒன்றே போதும் என்கிறவர், என்ன கெத்து என்று பேசினார்கள். இசக்கிமுத்து இப்போது பயம் தெளிந்து, "ஜெயிச்சிட்டக்கா" என்று தினமும் அவள் தலைமாட்டில் சொன்னான்.

வக்கீலைப் போலவே இன்னும் சிலரும் ஓர் எழுத்திலேயே நின்றதை நஸ்ரீன் கவனித்தாள். வக்கீலைப் பார்த்து அவர்களும் கெத்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்தாள். அவர்களில் 'கிரி' என்ற ஒருவன் சில வாரங்களில் எழுதுவதையே நிறுத்தினான். பிறகு ஒருநாள் அவன் பெயரில் நீளமாக ஒரு பதிவு வந்தது. நஸ்ரீன் வழக்கம்போல வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

"நான் கிரியோட அம்மா. எம் பையன் தொப்பி போட்டுப் படுத்திருக்கான். ஒரு நாளைக்கி ஒரு எழுத்துதான் வரும் அவனுக்கு. நீங்க நூறு ஆக்கினதுல இருந்து எழுத மாட்டேங்கறான்."

"கீழ என்ன பதில் போட்டிருக்காங்க?" என்றான் இசக்கிமுத்து.

"வேண்டாம்ண்ணே."

"வாசி. அக்காவுக்குத் தெரியாம இங்க ஒண்ணும் கெடையாது. ஒரு தடவை மறைச்சதே போதும்."

அவள் வாசித்தாள். 'கைதட்டல் வாங்க இப்படியும் ஒரு வழியா?' என்றது ஒன்று. 'ஒரே எழுத்தாம். எங்க வீட்டுப் பூனையும் மி மட்டும்தான் சொல்லும்' என்றது இன்னொன்று. அதற்கு ஏகப்பட்ட கைதட்டல்.

நஸ்ரீன் அந்த அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தாள். பெயர் மாதம்மாள். தர்மபுரிப் பக்கம். பையன் தீர்த்தகிரிக்குப் பத்தொன்பது வயது, பைக் விபத்து. "முன்னெல்லாம் காலைல படம் வந்துச்சுன்னு நாங்க சொல்றதுக்குக் காத்துக் கெடப்பான்" என்றார் மாதம்மாள். "அங்க அவன் எல்லாரும் மாதிரி ஒரு ஆளா இருந்தான். இப்ப ஊமையாட்டம் ஆயிட்டான்."

போனை வைத்ததும், நாளையே பழையபடி ஒன்றாகக் குறைத்துவிடலாம் என்றான் இசக்கிமுத்து. அக்கா என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்றாள் நஸ்ரீன்.

மறுநாள் வந்த எழுத்து 'எ'. வழக்கம்போல அன்றைய படத்துக்குக் கீழே போட்டார்கள். அடுத்து 'ன'. அடுத்து 'க்'. படங்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நஸ்ரீனுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. மூன்று எழுத்தையும் எடுத்து மாதம்மாளின் பதிவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

வக்கீல் பதில் சொல்கிறார் என்ற சேதி பரவியது. 'கு' வந்ததும், எனக்கு என்ன என்கிறார் வக்கீல் என்று கேலி செய்தவர்கள் குதூகலித்தார்கள். மறுநாள் 'ம்' வந்தது. எனக்கும்.

மீதியை இசக்கிமுத்துவால் சொல்லிவிட முடியும். அன்று மாலை கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் நெற்றியில் தொப்பி பதிந்த தடத்தைத் தடவியபடி பேசினான்.

"அக்கா, இதச் சொல்லி முடிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அபினவ் கேட்டப்பம் 'சீ'ன்னு சொன்னவ நீ. நிறுத்தணும்னா ஒண்ணும் கொறஞ்சு போகாது. நீ நாளைக்கு ஒண்ணும் நினைக்காம சும்மா இரி. நான் புரிஞ்சுக்கிடுதேன்."

காலையில் தொப்பியை மாட்டினான். மாலையில் 'ஒ' வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பதிவின் கீழே வேறு யாரும் எழுதவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பார்த்துவிட்டு, மறுநாள் மாலைக்குக் காத்திருந்தார்கள். 'ன்'. 'று'. 'தா'. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பூனையைப் பற்றி எழுதியவன் தன் பதிவை அழித்துவிட்டான். கடைசியாக ஒரு 'ன்'.

எனக்கும் ஒன்றுதான்.

இசக்கிமுத்து அதைப் பதிந்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான். அக்கா நோயாளி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. கூனிக்குறுகும் என்று பயந்த அவன் மனம் அன்றைக்கு நிமிர்ந்து நின்றது. யாரோ எழுதிக்கொடுத்த இரக்கக் கதையாக அது வெளியே போகவில்லை. தன் கட்சிக்காரனுக்காக அவளே சாட்சிக் கூண்டில் ஏறி, தன் வாயால் சொன்னதாகப் போயிற்று. எதிரே வந்த பால்காரரிடம், "ஓரெழுத்துல வக்கீல்னு வருவாவல்லா? எங்கக்கா" என்றான். பால்காரர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

மறுநாள் படத்துக்கு வந்த பதிவுகளில் பெரும்பாலானவை ஒற்றை எழுத்து.

"வரம்பக் குறைச்சிருவோம்" என்றான் இசக்கிமுத்து.

"வேண்டாம்ண்ணே. நூறு அப்படியே இருக்கட்டும். இப்பம் அவங்களா ஒண்ணுல நிக்காங்க. நாம பூட்டுப் போட்டா அது நம்ம சட்டம். இது அவங்க சட்டம்லா?"

எல்லோரும் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. நூறும் வேண்டும் என்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். ஓரெழுத்து சிறியதாயிற்று, மூடப்படவில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, பினாங்கிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், காரைக்குடியிலிருந்து ஒரு புதுமணப்பெண் என்று ஒவ்வொரு தொப்பிக்காரருக்காகவும் அவர் வீட்டார் தொலைபேசியில் வந்தார்கள். இத்தனை நாளும் அந்த விளையாட்டில் எல்லோரோடும் எல்லோராகக் கலந்திருந்தவர்கள்தான்.

கிரி மட்டும் வரவில்லை. மாதம்மாள் வக்கீலின் பத்து எழுத்தையும் அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். அவன் ஒன்றும் சொல்லவில்லையாம்.

பிறகு ஒருநாள், ஆளே இல்லாத ஒரு பொதுக்கூட்ட மேடையின் படம் வந்தது. காலி நாற்காலிகள், முன்னால் வரிசையாக மைக்குகள். வக்கீல் 'நா' என்று எழுதினாள். கைதட்டல் குவிந்துகொண்டிருந்தபோது, பொழுது சாயும் நேரத்தில் கிரியின் பெயரில் ஓர் எழுத்து வந்து விழுந்தது.

ஈ.

ஈ ஓட்டும் கூட்டம்! சிரிப்பில் ஓரெழுத்தே அதிர்ந்தது. இரவுக்குள் அவன் வக்கீலைத் தாண்டிவிட்டான். அந்த விளையாட்டில் அவள் தோற்றது அதுதான் முதல் தடவை.

சொல்வதா வேண்டாமா என்று இசக்கிமுத்து தயங்கினான். அவளை அவனுக்குத் தெரியும். நீதிமன்றத்தில் இருபது வருடத்தில், எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாக வாதாடினார் என்று ஒருநாள்கூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. தோற்ற அன்று வீட்டில் யாரோடும் பேசமாட்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தான். சொன்னான்.

மறுநாள் மாலை 'ப' வந்தது. "பதிலடி குடுக்கப் போறாவ" என்றாள் நஸ்ரீன். "பய மாட்டுனான்."

அதற்கடுத்த நாள் வந்தது 'லே'.

பலே.

நஸ்ரீன் இரண்டு எழுத்தையும் கிரியின் 'ஈ'க்குக் கீழே பதிந்துவிட்டு, தர்மபுரிக்குப் போன் போட்டாள். மாதம்மாள் அதை மகனுக்கு இரண்டு தடவை உரக்கச் சொல்வது இங்கே கூடம் வரைக்கும் கேட்டது. அடுத்த நாள் சாயங்காலம் அவனிடமிருந்து வக்கீலுக்குப் பதில் வந்தது.

வா.

"அக்கா!" என்று கத்தினாள் நஸ்ரீன். "போட்டிக்குக் கூப்பிடுதான்!"

விடிந்ததும் இசக்கிமுத்து வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே எழுந்து, அக்காவின் முகத்தைத் துடைத்து, தலைவாரி, தொப்பியை எடுத்து மாட்டினான்.